ஒரு லென்சு, இரு குவியங்கள்

தேனியில் 1985-ஆம் ஆண்டு முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கி வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர் இல்லாத தெருவைக் காண்பது இன்று அரிது. முற்காலத்தில் புரையை அகற்றியபின் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. கண்ணுக்குள்ளேயே பிளாஸ்டிக் லென்சைப் பொருத்தும் முறையை 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி தொடங்கி வைத்தார். 1992-இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் அத்தகைய லென்சுகளைக் குறைந்த விலையில் செய்ய முற்பட்டது. இப்போதோ நோயாளி முன் மற்றொரு கேள்வி நிற்கிறது: சாதாரண லென்சா, பல்குவிய லென்சா? பின்னதன் விலை மிக அதிகம். அதற்கேற்பப் பார்வையும் கூடுமா?

இளமையில் நம் விழி லென்சு நெகிழ்வானது. எட்டப் பார்க்கத் தட்டையாகவும், கிட்டப் பார்க்கக் குவிந்தும் தன்னை மாற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் லென்சுக்கு இத்திறமை இல்லை. ஒருகுவிய லென்சைத் தூரப் பார்வைக்குப் பொருத்தினால், படிக்கக் கண்ணாடி வேண்டும்.

பல்குவிய லென்சு இதை வேறு வழியில் சமாளிக்கிறது. ஒரு வகையில், லென்சின் பரப்பில் வட்ட வட்டமாக நுண்ணிய படிகள் செதுக்கப்பட்டிருக்கும். படியின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். இவ்வட்டங்களில் விளிம்பு விளைவு ஏற்பட்டு ஒளி பிரிகிறது. கல்லூரியில் கீற்றணியைக் கையாண்ட மாணவருக்கு இது புதிதன்று. சமமாகப் பிரிக்கும் லென்சில் சுமார் 40 விழுக்காடு ஒளி தூரக் குவியத்துக்கும், 40 விழுக்காடு கிட்டக் குவியத்துக்கும் செல்லும். எஞ்சிய 20 எதற்கும் உதவாது.

லென்சு ஒளியை உண்டாக்குவதில்லை, பங்கிடுகிறது. தொல்லை இங்கேதான் பிறக்கிறது. இரவில் எதிரே ஒரு லாரி விளக்கு வருகிறது என்று கொள்வோம். தூரக் குவியத்துக்கான ஒளி விழித்திரையில் கூர்மையான புள்ளியாக விழும். கிட்டக் குவியத்துக்கான ஒளியோ விழித்திரைக்கு முன்பே குவிந்து, பிறகு விரிந்து, அப்புள்ளியைச் சுற்றி மங்கலான வட்டமாகப் படியும். விளக்கைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம் இதுவே. பகலிலும் இந்த உதிரி ஒளி மெல்லிய திரைபோல் விழத்தான் செய்கிறது. அதனால், மங்கிய வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சேலையில் கறுப்புக் கோட்டைப் பிரித்தறிவது சற்றுக் கடினமாகலாம்.

ஆய்வுகள் காட்டுவதும் ஏறக்குறைய இதுவே. தூரப் பார்வையின் கூர்மையில் இருவகை லென்சுக்கும் பெரிய வேறுபாடில்லை. பல்குவிய லென்சு பெற்றவருள் கண்ணாடியின்றிப் படிப்போர் அதிகம். ஒளிவட்டம் பற்றிக் குறை சொல்வோரும் அதிகம். சில மாதங்களில் மூளை பழகிக்கொள்ள, பலருக்குத் தொல்லை குறைகிறது. எல்லோருக்கும் அல்ல.

ஆகவே தொழிலைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. போடிநாயக்கனூரில் நல்ல வெளிச்சத்தில் ஏலக்காயைத் தரம் பிரிப்பவருக்குப் பல்குவிய லென்சு வசதியாக இருக்கலாம். குமுளி மலைப்பாதையில் இரவில் வண்டி ஓட்டுபவருக்கு ஒருகுவிய லென்சும் ஒரு படிப்புக் கண்ணாடியுமே மேல். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதுற்றவருக்கும், கண்நீர் அழுத்த நோயால் பார்வை நரம்பு கெட்டவருக்கும் ஒளியைப் பங்கிடும் லென்சைப் பொதுவாக மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. அவர்கள் கண் ஏற்கெனவே ஒளி வேறுபாட்டை உணரும் திறனை இழந்திருக்கும். பொருத்திய லென்சு ஒத்துவராவிட்டால் எடுத்து மாற்றலாம். ஆனால் அது மற்றோர் அறுவை; நாளாக ஆகக் கடினமாகும்.