கருவுக்குள் போய்வரும் ரெவ்

எச்.ஐ.வி. வைரசிலே என்னை அதிகம் வியக்க வைப்பது ரெவ் என்ற சின்னப் புரதம்தான். 116 அமினோ அமிலங்கள், அவ்வளவுதான்.

வெட்டி ஒட்டி முடியாத ஆர்.என்.ஏ.யை நமது கலம் கருவை விட்டு லேசில் வெளியே விடாது. வைரசுக்கோ அந்த வெட்டாத நீள ஆர்.என்.ஏ. குழியவுருவுக்கு வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் புதிய வைரசு இல்லை.

ரெவ்வுக்குரிய ஆர்.என்.ஏ. முழுதாக வெட்டப்பட்டது, அதற்குத் தடையில்லை. அதிலிருந்து உருவாகும் ரெவ், ஆர்ஜினின் நிறைந்த தன் பகுதியை இம்போர்ட்டின் பீற்றா பற்றிக்கொள்ள, கருத்துளை வழியே உள்ளே போகிறது. உள்ளே வைரசு ஆர்.என்.ஏ.யைப் பிடிப்பதும் அதே பகுதிதான். ஒரே கைக்கு ரெண்டு வேலை! வெளியேற லியூசின் நிறைந்த இன்னொரு பகுதி இருக்கிறது; அதைப் பற்றி வெளியே கொண்டுவருவது நமது கலத்தின் சீ.ஆர்.எம்.1 புரதம். கூடவே வரும் ரான் புரதத்திலுள்ள ஜீ.ரி.பி. வெளியே உடைந்ததும் சுமை கழன்றுவிடும். ரெவ் மறுபடி உள்ளே.

"அப்ப சீ.ஆர்.எம்.1ஐ அடைச்சாப் போதாதா சேர்?" என்று வகுப்பில் கேட்பார்கள். லெப்டோமைசின் பி அதைச் செய்யும். ஆனா நமது சொந்தப் புரதங்கள் பலவும் அந்த வழியால்தான் வெளியேறுகின்றன, கலமே பாதிக்கப்படும். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செலினெக்சர் தடுப்பதும் இதே சீ.ஆர்.எம்.1ஐத்தான். அது எச்.ஐ.வி.க்கான மருந்தல்ல, மல்டிபிள் மயலோமா என்ற புற்றுநோய்க்கானது.