பேரிடரும் மலைச்சாலை ஜீப்பும்

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களை மூடியது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால் செய்தி வெளியுலகை எட்டுவதற்கே மறுநாள் காலை ஆயிற்று. எட்டிய பின்னரும் தடை நீங்கவில்லை. 2018 வெள்ளத்தில் பழுதுற்ற பெரியவரைப் பாலத்துக்கு மாற்றாக அமைக்கப்பட்டிருந்த தற்காலிகப் பாலமும் அம்மழையில் சிதைந்திருந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மாண்டோரில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர்.

பெட்டிமுடி எப்போதுமே ஜீப்பின் ஊர்தான். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010இல் உருவான இடமலைக்குடிக்குச் செல்வோர் இவ்வழியே ஜீப்பில்தான் செல்ல வேண்டும். அங்குள்ள முதுவர் குடிகளில் யாருக்கேனும் நோய் கண்டால், மஞ்சல் கட்டிச் சுமந்து ஜீப் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். எந்தத் திருப்பத்தில் மண் இளகும், எந்த ஓடை ஒரு மணி நேர மழையில் பெருகும் என்பதை அறிந்தவர்கள் அங்கு அன்றாடம் வண்டி ஓட்டுபவர்களே.

நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியைப் பொழுதுபோக்காக வைத்திருப்போர் எண்ணிக்கை இப்போது பெருகியுள்ளது. நம் கிளைகளுக்கு வரும் வாகனக் கடன் விண்ணப்பங்களிலேயே அது தெரிகிறது. அவர்களில் பலர் இடர்க்காலத்தில் உதவ மனமார முன்வருகின்றனர். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் அழிந்தபோது, ராணுவத்தின் மதராஸ் பொறியாளர் குழுவினர் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1ஆம் நாள் கட்டி முடித்தனர். சேறும் பாறையும் நிறைந்த அவ்விடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிட்ட எல்லைக்கு அப்பால், இத்தகைய ஜீப்புகளே மீட்புப் பணியினரையும் மீட்ட உடல்களையும் ஏற்றிச் சென்றன.

ஆனால் ஜீப்பாலும் ஆகாத இடங்கள் உண்டு. 2018 ஆகஸ்டில் பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதி துண்டிக்கப்பட்டபோது, நென்மாறையிலிருந்து ஏறும் மலைச்சாலை பல இடங்களில் சரிந்து கிடந்தது. தன்னார்வலர்கள் அரிசியையும் மருந்தையும் தலைச்சுமையாக நடந்தே கொண்டுசென்றனர், ஹெலிகாப்டரும் பறந்தது. வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று அறிவதும் இப்பணியின் ஒரு பகுதியே. குறுகிய மலைச்சாலையில் அழைப்பின்றி ஏறிய இருபது வண்டிகள் ஆம்புலன்ஸின் வழியை அடைத்துவிடும்.

எனவே வண்டியைக் கிளப்புமுன் ஒருவரின் கட்டளைக்குக் கீழ் வருவது முதல் வேலை. கேரளத் தீயணைப்பு, மீட்புத் துறையின் குடிமைப் பாதுகாப்புப் படையிலோ, 2020இல் அறிவிக்கப்பட்ட 'சன்னத்த சேனை'யிலோ மழைக்காலத்துக்கு முன்பே பதிந்துகொள்ளலாம். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. எல்லைப்புறத்தில் இது இன்னும் முக்கியம். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் சாலை வழி தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகவே செல்கிறது. அங்கு ஓர் இடர் நேர்ந்தால் பொள்ளாச்சி வண்டியே முதலில் போய்ச் சேரக்கூடும்.

கருவிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்து ஏற்றப் பளபளக்கும் இரண்டு கதவு வண்டியில் இடம் போதாது. எதிரெதிர் இருக்கை கொண்ட பழைய நீள ஜீப்பில் ஸ்ட்ரெச்சரை வைக்கலாம். தேயிலைத் தோட்டங்களில் அவை இன்னும் ஓய்வு பெறாததற்குக் காரணம் உண்டு! வின்ச் கம்பியை இழுக்கும்போது அதன் மேல் நனைந்த சாக்கைப் போட வேண்டும். அறுந்தால் கம்பி துள்ளும் வேகம் குறையும். கம்பியின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கலாகாது. 2020இல் வந்த மகிந்திரா தார் வண்டி 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்கிறது நிறுவனம். அது தேங்கிய நீருக்குப் பொருந்தும் கணக்கு; ஓடும் நீர் அதனினும் குறைந்த ஆழத்திலேயே வண்டியைப் புரட்டும்.

இனி, நம் மேசைக்குரிய செய்தி. முழுமைக் காப்பீட்டில் வெள்ளமும் மண்சரிவும் அடங்கும். ஆனால் நீர் புகுந்து நின்ற எஞ்சினை மீண்டும் முடுக்கிப் பழுதாக்கினால், எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பு இல்லாதவருக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. தனியார் வாகனப் பாலிசியில் வாடகைப் பயன்பாடும் சரக்கேற்றுதலும் விலக்கப்பட்டுள்ளன. டீசல் செலவுக்கென்று பயணியிடம் பணம் பெறுவதும், வண்டி நிறைய நிவாரண மூட்டை ஏற்றுவதும் பின்னால் வினாவுக்கு இடம் தரலாம். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, மீட்புக்கு வாகனங்களைக் கையகப்படுத்த அதிகாரிகளுக்கு உரிமை தருகிறது. 66ஆம் பிரிவு அதற்கு ஈடு வழங்கச் சொல்கிறது. ஆகவே அதிகாரியின் ஆணையைத் தேதியும் நேரமும் குறித்து எழுத்தில் பெற்றுக்கொள்க. அவசரத்தில் யார் காகிதம் கேட்பார் என்று தோன்றும். கேட்டவருக்கே ஈடு எளிதாகும். 2018இல் கடற்கரையிலிருந்து வந்த மீனவர் படகுகளுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தரக் கேரள அரசு முன்வந்தது நினைவிருக்கலாம்.

பெரிய சக்கரம், உயர்த்திய உடல் முதலிய மாற்றங்களையும் கவனிக்க வேண்டும். பதிவுச் சான்றுக்கு மாறான மாற்றத்தை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. காப்பீட்டு நிறுவனமும் அதனைக் காரணம் காட்டலாம். கடன் நிலுவையிலுள்ள வண்டியாயின் வங்கிக்கும் தெரிவித்தாக வேண்டும்.

ஓட்டுபவரின் உயிரைப் பற்றியே பலர் பார்ப்பதில்லை. உரிமையாளரும் ஓட்டுநருமாக இருப்பவருக்கான கட்டாய விபத்துக் காப்பு 15 இலட்சம் ரூபாய். அக்காப்பு உரிமையாளருக்கு மட்டுமே பொருந்தும். மீட்புப் பணியில் இரவு முழுதும் ஓட்டிக் களைத்தவர் சாவியை நண்பரிடம் கொடுப்பது இயல்பு. அந்நண்பருக்கெனத் தனியே பிரீமியம் செலுத்தியிருந்தாலன்றி அவருக்கு அக்காப்பு இல்லை. மழைக்காலத்துக்கு முன் பாலிசியை எடுத்து, அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போதே நியமனதாரர் பெயரையும் ஒருமுறை பார்த்துக்கொள்க. மணமாகிப் பல்லாண்டு கழிந்தும், காலமான தாயாரின் பெயரே அங்கு நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம்.