ஈப்போவுக்குப் பெயர் தந்த நஞ்சு மரம்: பூர்வகுடி மக்களின் ஊதுகுழல் வேட்டை

ஈப்போ நகரம் ஒரு மரத்தின் பெயரைத் தாங்கியிருப்பது பேரா மாநிலத்தவருக்குப் புதிய செய்தியல்ல. நகரின் ரயில் நிலையத்துக்கு எதிரே அந்த மரம் ஒன்றும் நிற்கிறது. ஆனால் அதன் பாலைக் கொண்டுதான் தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குரங்கையும் அணிலையும் பறவையையும் வேட்டையாடி வந்தார்கள் என்பது அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த வேட்டைக்கான கருவி ஊதுகுழல். மலாய் மொழியில் சும்பிட் அல்லது சும்பித்தான் என்பார்கள். ஒரு காலத்தில் இங்கு வில்லும் இருந்தது. வட பேராவிலும் கிளந்தானிலும் வாழ்ந்த செமாங் மக்கள் நஞ்சு தோய்த்த அம்பை வில்லில் தொடுத்து வேட்டையாடியதை 1906-இல் வெளிவந்த ஸ்கீட், பிளாக்டன் ஆகியோரின் ஆய்வு நூல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் வில் ஏறக்குறைய மறைந்து, ஊதுகுழலே நிலைத்துவிட்டது. இந்நாட்டுக் காட்டுக்குள் நடந்து பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருக்காது. புதரும் கொடியும் பின்னிக் கிடக்கும் இடத்தில் வில்லை வளைக்கக் கை நீட்டவே இடம் போதாது. இரையோ தலைக்கு மேலே, உயரமான கிளையில் இருக்கும். ஊதுகுழலை நிமிர்த்திப் பிடித்து ஒரு முறை ஊதினால் போதும். சத்தம் அதிகம் எழாது. குறி தப்பினாலும் குரங்குக் கூட்டம் உடனே கலைந்து ஓடுவதில்லை. இரண்டாவது அம்புக்கும் நேரம் கிடைக்கும்.

பார்ப்பதற்கு எளிமையாகத் தெரியும் இந்தக் குழலைச் செய்வது எளிதல்ல. சாதாரண மூங்கிலில் கணுக்கள் நெருக்கமாக இருக்கும். கணு இருந்தால் உட்புறம் வழவழப்பாக அமையாது. ஆகவே செமாய், தெமியார் மக்கள் மலைத்தொடரின் உயரமான பகுதிகளில் வளரும் ஒரு மெல்லிய மூங்கில் இனத்தைத் தேடிப் போகிறார்கள். அதில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடைப்பட்ட நீளம் இரண்டு மீட்டர் வரைகூட இருக்கும். அதை வெட்டி வந்து, அடுப்புக்கு மேலே புகையில் காயவைத்து, நெருப்பில் வாட்டி நேராக்குகிறார்கள். அதுதான் உள்குழல். அது வளையாமலும் உடையாமலும் இருக்க, சற்றுப் பருமனான இன்னொரு மூங்கில் உறையாக அமைகிறது. வேட்டைக்காரர் தம் கைவண்ணத்தைக் காட்டிக் கோலம் செதுக்குவது இந்த வெளிக்குழலில்தான். நீளமான மூங்கில் கிடைக்காத இடங்களில் இரண்டு துண்டுகளை இணைத்துக் கொள்வார்கள். சரவாக்கின் பெனான் மக்களின் வழி முற்றிலும் வேறு. அவர்கள் கெட்டியான மரக்கட்டையை இரும்புக் கம்பியால் துளையிட்டுக் குழலாக்கி, முனையில் ஈட்டியும் கட்டிவிடுகிறார்கள்.

அம்பு என்றாலும் அது ஒரு நீண்ட ஊசி போன்றதுதான். பெர்த்தாம் பனையின் மட்டையைக் கீறிச் சீவிய மெல்லிய குச்சி. அடியில் குழலின் வாய்க்குப் பொருந்தும்படி இலேசான தக்கை. அதன் பின்னால் பனையிலிருந்து சுரண்டி எடுத்த பஞ்சு போன்ற நாரைத் திணிக்கிறார்கள். ஊதும் காற்று வீணாகாமல் அம்பைத் தள்ளுவதற்கு அதுவே அடைப்பு.

அம்பின் எடையால் எந்த விலங்கும் சாகாது. வேலையைச் செய்வது நஞ்சு. ஈப்போ மரத்தின் பட்டையைக் கீறி வடியும் பாலை நெருப்பில் காய்ச்சி, கறுத்துக் குழம்பானதும் அம்பு முனையில் பூசி உலர்த்துகிறார்கள். அது இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்திவிடும். வயிற்றுக்குள் போனால் அவ்வளவாக உடலில் சேராது. அதனால் இறைச்சியைச் சமைத்து உண்ண முடிகிறது. நஞ்சு பூசிய பகுதிக்குச் சற்றுப் பின்னால் குச்சியில் ஒரு வெட்டு விடுவது இந்த வேட்டையின் நுட்பங்களில் ஒன்று. குரங்கு வலி தாங்காமல் அம்பைப் பிடுங்கி எறியும்போது குச்சி அந்த இடத்தில் ஒடிந்துவிடும். முனை மட்டும் சதைக்குள் தங்கிவிடும். அடிபட்ட விலங்கு உடனே விழாது. அது போகும் திசையை அண்ணாந்து பார்த்தபடியே கீழே பின்தொடர்ந்து நடக்கும் பொறுமை வேண்டும்.

இதே மரம் தமிழகத்தை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளர்கிறது. அங்கே அதன் பட்டையை ஊறவைத்து அடித்துச் சாக்காகப் பயன்படுத்தினார்கள். இங்குள்ள பூர்வகுடி மக்களும் அதே பட்டையில் ஆடை செய்ததுண்டு.

வேட்டையை ஒட்டிய கட்டுப்பாடுகளும் உண்டு. பாத்தேக், செமாய் உள்ளிட்ட பல குழுக்களில் விலங்குகளைப் பார்த்துக் கேலி செய்து சிரிப்பது பெரும் தவறு. இடியும் புயலும் வரும் என்பது நம்பிக்கை. கொண்டுவந்த இறைச்சி முகாமில் எல்லோருக்கும் பங்கிடப்படும். பெரும்பாலும் ஆண்கள் வேலை என்றாலும், பாத்தேக் பெண்களில் சிலரும் ஊதுகுழல் ஏந்தியதை மானுடவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சட்டம் இந்த வேட்டையைத் தடுக்கவில்லை. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பட்டியலிடப்பட்ட சில விலங்குகளைத் தங்கள் உணவுக்காக உரிமம் இன்றி வேட்டையாட ஓராங் அஸ்லி மக்களுக்கு அனுமதி தருகிறது. விற்பனைக்கு அனுமதி இல்லை. சிக்கல் காட்டில் இருக்கிறது. நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. காடு வெட்டப்பட்டு எண்ணெய்ப் பனைத் தோட்டமாகும்போது குரங்கு மட்டும் போவதில்லை. நீண்ட மூங்கிலும் பெர்த்தாமும் ஈப்போ மரமும் சேர்ந்தே போகின்றன. வேட்டை அனுமதி கையில் இருந்தும் அம்பு செய்ய மட்டை இல்லை என்ற நிலை அப்படித்தான் உருவாகிறது.

ஜொகூரில் லிங்கியூ அணைக்காகத் தங்கள் காட்டை இழந்த ஜாக்குன் மக்கள் தொடுத்த வழக்கு இதில் முக்கியமானது. அந்தக் காட்டில் உணவும் வருமானமும் தேடி வாழ்ந்த உரிமையை 1990-களில் உயர் நீதிமன்றம் ஏற்று, 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காடு திரும்பி வரவில்லை. இழந்தது ஓர் உரிமை என்பது பதிவானது.

இன்று நகரத்து மக்களில் பலர் ஊதுகுழலைப் பார்ப்பது கோம்பாக் ஓராங் அஸ்லி அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குப் பின்னால், அல்லது தாமான் நெகாராவில் சுற்றுப்பயணிகள் போகும் பாத்தேக் குடியிருப்புகளில். அங்கே விருந்தினர்களும் ஊதிப் பார்க்கலாம். சில இடங்களில் குறியாக ஒரு கரடிப் பொம்மையைக்கூட வைத்திருப்பார்கள். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து மெதுவாக ஊதுகிறவர்களின் அம்பு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். எச்சில் துப்புவதுபோல் சட்டென்று ஒரே வீச்சில் ஊத வேண்டும். அந்த அம்புகளில் நஞ்சு பூசியிருக்காது.