ஊர்ப் பெயர் கெட்டால் பிள்ளைகளை எங்கே வளர்ப்பது?

“எந்த ஊர்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் முன்பெல்லாம் யோசித்ததே இல்லை. 2019ஆம் ஆண்டுக்குப் பிறகு யோசிக்க வேண்டி வந்தது. எனது ஊர் சாய்ந்தமருது. கல்முனை மாநகர எல்லைக்குள், கடலை ஒட்டி இருக்கும் முஸ்லிம் ஊர்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் ஊரின் வொலிவேரியன் கிராமத்தில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்தன. அங்கே தங்கியிருந்தவர்கள் அந்தத் தாக்குதலை நடத்திய ஸஹ்ரானின் குடும்பத்தார். மறுநாள் காலை 15 உடல்கள் மீட்கப்பட்டன. அதில் ஆறு குழந்தைகள்.

அந்த இரவு என் மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு நான்கு. இருவரையும் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்து, நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். மகன் கேட்டான்: “உம்மா, நாம என்ன செஞ்ச?” என்னிடம் பதில் இல்லை.

அவர்கள் எங்கள் ஊரவர் அல்ல. வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள். சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் எங்கள் ஊர் மக்கள்தான். தாக்குதலில் ஈடுபட்டவர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று உலமாக்கள் சபையும் அறிவித்தது. ஆனால் கெட்ட பெயர் இதையெல்லாம் விசாரித்துக்கொண்டா வருகிறது? தொலைக்காட்சியில் ஊரின் பெயர் வந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

வீடு யாருடையது?

என் கணவர் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். ஊரடங்கு தளர்ந்து வந்தவர், சாப்பிட்டு முடிந்ததும் சொன்னார்: “வீட்ட வித்துப்போட்டு தெஹிவளப் பக்கம் போவம். இஞ்ச இருந்தா புள்ளைகள்ட எதிர்காலம் என்னாகும்?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வீடு எனது சீதன வீடு. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகளுக்கே எழுதப்படும். மட்டக்களப்புத் தமிழ்ச் சகோதரிகளுக்கும் இந்த வழக்கம் தெரியும். ஆகவே உறுதியில் கையெழுத்து வைக்க வேண்டியவள் நான்.

அந்த வீட்டின் கதை என் உம்மாவின் கதை. 1990இல் வயலுக்குப் போன என் வாப்பா திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. உம்மா இடியப்பம் அவித்து விற்றும் பன்பாய் இழைத்தும் எங்களை வளர்த்தார். கடலோரத்தில் கட்டிய முதல் வீட்டை 2004 டிசம்பர் 26இல் சுனாமி கொண்டுபோனது. இலங்கையிலேயே அதிக உயிர்களை அன்று இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். பிறகு பிரதான வீதிக்கு மேற்கே சிறு துண்டுக் காணி வாங்கி, உம்மா மறுபடியும் கட்டிய வீடு இது.

போரிலும் கடலிலும் ஊரை விட்டுப் போகாதவர் என் உம்மா. “உம்மா இருந்தா நீயும் இருக்கணும் என்று இல்ல புள்ள. நான் போக இடமில்லாம இருந்தன். நீ யோசிச்சு முடிவெடு” என்றார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

தெஹிவளையில் ஒரு மாலை

அந்த வருடம் ஓகஸ்டில் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். தெஹிவளையில் இரண்டு அறை வீடு ஒன்று பிடித்திருந்தது. முற்பணமும் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் அடையாள அட்டைப் பிரதி கேட்டார். முகவரியைப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து பணத்தைத் திருப்பித் தந்தார். “தப்பா நெனக்காதீங்க, எங்களுக்கு வீண் பிரச்சினை வேணாம்” என்றார். அவரும் முஸ்லிம்தான்.

வெளியே வந்து நின்றபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரை விட்டு வந்தோம், ஊரின் பெயர் எங்கள் பையில் இருந்த அட்டையில் கூடவே வந்திருக்கிறது.

இதை ஊர் திரும்பியதும் காரைதீவில் இருக்கும் என் தமிழ்ச் சிநேகிதியிடம் சொன்னேன். எங்கள் இரண்டு ஊருக்கும் நடந்துபோகும் தூரம்தான். அவர் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

“தங்கச்சி, 2007இல நான் வெளிநாடு போறதுக்கு கொழும்பில லொட்ஜில நின்டனான். ஐசியில ஊரப் பார்த்தாலே போதும், எங்கள வேற மாதிரித்தான் பார்ப்பாங்க. இப்ப உங்கட முறை வந்திருக்கு.”

அந்த வருடம் ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நிறுத்தப்பட்டது. அப்போது நான் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன் என்பதை அன்று சிநேகிதியிடம் ஒப்புக்கொண்டேன். வன்னி, மூதூர், கொக்கட்டிச்சோலை என்று ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கிய சகோதரிகள் இதை வாசித்தால், அவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் எழுதினேன்

மகளின் பயிற்சிக் கொப்பியில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். ஒரு பக்கம் ஊரின் குறைகள். போதைப்பொருள் எங்கள் தெருமுனை வரை வந்துவிட்டது. கடல் கரையை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பெண் தனியாகப் போனால் நாலு வாய் பேசும். இன்னொன்றையும் எழுதினேன். வெறுப்பை வளர்க்கும் பேச்சுகள் கைத்தொலைபேசியில் வந்தபோது, “அது ஆம்பிளைகள்ட விசயம்” என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். காத்தான்குடியில் ஸஹ்ரானுக்கு எதிராக மக்கள் 2017இலேயே முறையிட்டிருந்தார்கள். கேட்டவர் குறைவு.

மறு பக்கம்: மகளுக்கு கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி. அதற்கப்பால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வீட்டிலிருந்தே போய்வரலாம். நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை கிட்டத்தில். வாடகை இல்லை. பக்கத்து வளவில் உம்மாவும் ராத்தாவும். கடைசியாக, “கூப்பிட்டால் ஓடி வர ஆள் உண்டு” என்று எழுதினேன். கொழும்பில் அந்த ஒரு வரியை விலைக்கு வாங்க முடியாது.

நான் கையெழுத்து வைக்கவில்லை. நாங்கள் இங்கேயே இருந்தோம்.

இது இலவசமாக வந்த முடிவு அல்ல. என் கணவர் இன்னும் மாதம் ஒருமுறைதான் வருகிறார். மகனுக்கு வாப்பா பெரும்பாலும் தொலைபேசியில்தான். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. அவர்களின் மகன் வகுப்பில் பட்ட கேலி அவர்களுக்குத்தான் தெரியும். போனதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன்.

மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். மகனின் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பதில் சொன்னேன்: “நாம ஒன்டும் செய்யல்ல மகன். ஆனா பிழையான பேச்சு கேட்டா இனிச் சும்மா இருக்க மாட்டம்.”

இப்படியொரு முடிவின் முன் நிற்கும் சகோதரிகளுக்கு, என் அனுபவத்தில் சில வார்த்தைகள்:

பயம் சூடாக இருக்கும்போது காணி உறுதியில் கையெழுத்து வைக்காதீர்கள். சில மாதம் பொறுங்கள். விற்றால் மீண்டும் வாங்க முடியாது.

போகும் இடத்தை விற்பதற்கு முன் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அங்கே உங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஊரின் நன்மையையும் குறையையும் ஒரே தாளில் எழுதுங்கள். பெருமைக்காக இருக்கவும் வேண்டாம், வெட்கத்துக்காகப் போகவும் வேண்டாம்.

வீட்டில் வற்புறுத்தல் இருந்தால் பிரதேச செயலகத்தில் இருக்கும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பேசுங்கள். உறுதி உங்கள் பெயரில் இருந்தால் முடிவிலும் உங்கள் பங்கு இருக்க வேண்டும்.

இருப்பதென்றாலும் போவதென்றாலும், பிள்ளைகளிடம் ஊரைப் பற்றிய உண்மையை நீங்களே சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் மற்றவர்கள் வேறு விதமாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.