கணினியில் தேங்கும் பழைய பொட்டலங்கள்

லினக்ஸ் கணினி வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒருநாள் ‘வட்டில் இடமில்லை’ என்ற அறிவிப்பு வரக்கூடும். புதிதாக ஒன்றும் ஏற்றவில்லையே என்று திகைப்பார்கள். அவ்வப்போது திருத்தங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

1993-இல் தொடங்கப்பெற்ற டெபியனிலும், அதன் வழிவந்த உபுண்டுவிலும், சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் மென்பொருள்கள் ‘டெப்’ என்னும் பொட்டலக் கோப்புகளாகவே வருகின்றன. ஆப்ட் என்னும் நிர்வாக மென்பொருள் அவற்றை இறக்கி, ‘/வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ்’ என்ற அடைவில் வைத்து, அங்கிருந்து பிரித்து நிறுவுகிறது. நிறுவியபின் அந்தப் பொட்டலத்துக்கு வேலையில்லை. ‘ஆப்ட்’ என்ற புதிய கட்டளை அதனைத் தானே அழித்துவிடும். முந்தைய ‘ஆப்ட்-கெட்’ அப்படியே விட்டுவைக்கும்.

‘சூடோ ஆப்ட்-கெட் கிளீன்’ என்று கட்டளையிட்டால் தேங்கியவை யாவும் நீங்கும். நிறுவிய மென்பொருளுக்கு ஊறு நேராது. ஆனால் அதனை மீண்டும் நிறுவ நேர்ந்தால் மறுபடியும் இறக்கவேண்டும். மும்பையிலோ தில்லியிலோ வாடகை அறையில் கைப்பேசி இணைப்பையே நம்பியிருக்கும் நம்மவர்க்கு இது சிறிய விஷயமன்று. அத்தகையோர்க்கு ‘ஆட்டோகிளீன்’ ஏற்றது. களஞ்சியத்தில் இனிக் கிடைக்காத பழம்பதிப்புகளை மட்டுமே அது களையும்.

உண்மையான அபாயம் வேறோரிடத்தில் இருக்கிறது. ‘பூட்’ பகுதியைத் தனியே பிரித்து வைத்துள்ள கணினிகளில் அதன் அளவு சிறிது. இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்குப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழையதும் அங்கேயே சில காலம் தங்கும். இடம் நிரம்பினால் புதிய கெர்னலின் நிறுவல் பாதியில் நின்றுபோகும். பாதுகாப்புத் திருத்தங்களும் தடைப்படும். அவ்வேளையில் பதற்றத்தோடு அங்குள்ள கோப்புகளைக் கையால் அழித்தல் கூடாது. தேவையான கெர்னல் போய்விட்டால், மறுமுறை கணினி எழும்பாமலே போகலாம். கோப்பு அழிந்தபோதிலும், அது இருப்பதாகவே ஆப்டின் பதிவேடு கருதிக்கொண்டிருக்கும்.

‘யூநேம் -ஆர்’ என்று கேட்டால், இப்போது இயங்கும் கெர்னல் எதுவென்று தெரியும். பின்னர் ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ என்று இடுக. இயங்குவதையும் அண்மையதையும் விட்டுவைத்து, மிகப் பழையவற்றையும், பிற மென்பொருளுக்குத் துணையாக வந்து இப்போது தேவையற்றுப் போனவற்றையும் நீக்க அது முன்வரும். நீக்கும் முன் பெயர்ப்பட்டியலைக் காட்டி இசைவு கேட்கும். அப்பட்டியலைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும். நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் அதில் தென்படுமாயின் ‘என்’ என்ற எழுத்தைத் தட்டி நிறுத்திவிடலாம். அதுவரை எதுவும் நீங்கியிராது.