டென்னிஸ் எல்போ: முழங்கை வலியும் இயன்முறை சிகிச்சையும்

முழங்கையின் வெளிப்பக்கம் தட்டுப்படும் எலும்புப் புடைப்பில் தொடங்கி, முன்கை வழியாக மணிக்கட்டை நோக்கி இறங்கும் வலிக்கு மருத்துவத்தில் டென்னிஸ் எல்போ என்று பெயர். 1873இல் ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர், நெடுநேரம் எழுதுபவர்களின் கைக்கோளாறாக இதைப் பதிவு செய்தார். 1882இல் ஹென்றி மாரிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் லான்செட் இதழில் டென்னிஸ் ஆட்டக்காரர்களோடு இதைச் சேர்த்து எழுதினார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. நூறு பெரியவர்களில் ஒருவர் முதல் மூவர் வரை இந்த வலிக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலானவர்கள் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. 35 வயதுக்கு மேல் 55க்குள், அதிகம் புழங்கும் கையில், ஆண் பெண் வேறுபாடில்லாமல் வருகிறது.

மணிக்கட்டைப் பின்பக்கம் தூக்கும் தசைகள் அந்தப் புடைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும்போது விரல்கள் மடங்குகின்றன. கூடவே மணிக்கட்டும் மடங்கிவிடாமல் தாங்குவது இந்தத் தசைகளின் வேலை. ஆகவே பிடி எவ்வளவு இறுகுகிறதோ, அவ்வளவு இழுவை அந்தப் புடைப்பில் ஒட்டியிருக்கும் தசைநாணில் விழுகிறது. ஆறுவதற்கு இடைவெளி கிடைக்காத நாண், பழைய கிணற்றுக் கயிறு போல இழை இழையாக நைந்து போகிறது. இதை வெறும் வீக்கம் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 1979இல் ராபர்ட் நிர்ஷலும் பெட்ரோனும் அறுவை செய்து எடுத்த திசுவை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை வேறொரு படத்தைக் காட்டியது: வீக்கத்துக்குரிய அணுக்களைக் காணோம், நார்கள் ஒழுங்கு குலைந்து கிடந்தன. வீக்கத்தை அடக்கும் மாத்திரைகள் வலியைத் தணித்தாலும் கோளாறைத் தீர்க்காததன் காரணம் இதுதான்.

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் கைப்பிடியை நம்பிய வேலைகளுக்குக் குறைவே இல்லை. பருத்தி எடுத்து முடிந்த காட்டில் பருத்திமார் பிடுங்குவது அவற்றில் கடுமையானது. காய்ந்த கரிசல் இறுகி, வேரைக் கவ்விக்கொள்ளும். உள்ளங்கை கீழ்நோக்கியபடி மாரைப் பற்றி வெட்டி இழுக்கும்போது முழு விசையும் முழங்கையின் வெளிப்பக்கம் போய்ச் சேர்கிறது. சீமைக்கருவேல் வெட்டுவது, களைகொத்துவது, கடலைமிட்டாய்க்குப் பாகு கிண்டுவது எல்லாம் இதே வகை. தீப்பெட்டி வேலையில் பாரம் இல்லை. ஆனால் ஒரே அசைவு நாளெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது, தசைநாணுக்கு அதுவும் சுமைதான். வேலை முடித்து வீடு திரும்பும் பெண்களுக்குக் குடம் தூக்குவதும் துணி பிழிவதும் மிச்சமிருக்கின்றன. கூலி வேலையில் கைக்கு ஓய்வு கொடு என்ற அறிவுரை மட்டும் பயன்படாது. செய்யும் விதத்தை மாற்றச் சொல்லித்தர வேண்டும்.

வலியை அடையாளம் காண்பது கடினமில்லை. தண்ணீர் நிறைந்த செம்பைத் தூக்கும்போதும், பூட்டைத் திறக்கும்போதும், கதவுக் கைப்பிடியைத் திருகும்போதும் முழங்கையில் சுரீரென்று இழுக்கும். பிடி தளர்ந்து பொருள் நழுவுவதும் உண்டு. முழங்கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கினால் வலி அந்தப் புடைப்பிலேயே தெரியும். கையை நீட்டி நடுவிரலை மேலே தூக்க, மற்றவர் அதை அழுத்தும்போது வலித்தாலும் இதே பொருள். எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது. எடுத்தாலும் பலருக்கு ஒன்றும் தெரியாது.

முழங்கை வலியெல்லாம் இதுவாகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. வலி உட்பக்கம் என்றால் அது வேறு தசைகளின் கோளாறு. விரல் மரத்துப்போவதும், கழுத்தைத் திருப்பினால் கைக்கு வலி பாய்வதும் கழுத்து நரம்பைக் காட்டுகின்றன. விழுந்து அடிபட்டபின் வந்த வலி, மூட்டு வீங்கிச் சுடுவது, கையை நீட்டவே முடியாமல் போவது ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஓராண்டுக்குள் அறுவை இல்லாமலே வலி போய்விடும். அந்த ஓராண்டை எப்படிக் கடப்பது என்பதுதான் கேள்வி. அன்றாடக் கூலியை இழக்க முடியாதவர்களை ஸ்டீராய்டு ஊசி சுலபமாக இழுத்துவிடுகிறது. ஓரிரு வாரத்தில் வலி மறைந்து, கை பழையபடி வேலைக்கு ஓடுகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஆறாவது வாரம் ஊசி போட்டவர்களே முன்னால் நின்றார்கள். ஆண்டு முடிவில் பிசியோதெரபி எனும் இயன்முறை சிகிச்சை பெற்றவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். அங்கேயே 165 பேரிடம் நடந்த, 2013இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் அது 12 சதவீதம்தான். இதைச் சொல்லாமல் ஊசி போடுவது, கையை நம்பிப் பிழைப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

இயன்முறை சிகிச்சையின் அடிப்படை, நைந்த நாணுக்கு அளவறிந்து சுமை ஏற்றுவது. முதல் கட்டத்தில் முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட வேண்டும். மறுகையால் புறங்கையை அழுத்த, இந்தக் கை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். 30 முதல் 45 விநாடி, நாலைந்து முறை. வலி தணிந்தபின் அதே நிலையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மறுகையால் தூக்கிவிட்டு, பாட்டிலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். 15 முறை ஒரு சுற்று. மூன்று சுற்று வரை போகலாம். இறக்கும் அசைவுதான் நாணை வலுப்படுத்துகிறது, அவசரப்படக் கூடாது. கொஞ்சம் வலித்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் அந்த வலி கூடியிருந்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் சுருட்டிய துண்டை முறுக்கும் பயிற்சியும் தோள்பட்டைப் பயிற்சியும் சேரும். ஆறு முதல் 12 வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்; பாதியில் விட்டுவிடுவதே தோல்விக்கு முதல் காரணம்.

பிசியோதெரபிஸ்ட் முன்கையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பிடித்தபடி நோயாளியைக் கைமுஷ்டி இறுக்கச் சொல்வதும் உண்டு. பலருக்கு அப்போதே வலி குறையும். புடைப்புக்கு இரண்டு விரற்கடை கீழே கட்டும் பட்டை வேலை நேரத்துக்கு உதவும், இரவில் கழற்றிவிட வேண்டும். எண்ணெய் தேய்த்து முன்கைத் தசையை மெல்ல உருவிவிடுவதில் தவறில்லை. வலிக்கும் புடைப்பையே கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பது நாணை மேலும் நோகடிக்கும்.

வேலையிலும் சிறு மாற்றங்கள் வேண்டும். கரிசல் ஈரமாக இருக்கும்போதே மார் பிடுங்கலாம். ஒல்லியான அரிவாள் பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றிப் பருமனாக்கினால் இறுக்கிப் பிடிக்கும் தேவை குறையும். பாரத்தை உள்ளங்கை மேல்நோக்கும்படி, உடம்பை ஒட்டித் தூக்க வேண்டும். பாகு கிண்ட இரண்டு கையும் பயன்படட்டும். ஈரத்துணியைக் குழாயில் சுற்றிப் பிழியலாம்.

பயிற்சிகளைத் தொடங்குமுன் ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிக் கற்றுக்கொள்வது நல்லது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் குழுக்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை முறையாகப் பயிற்சி செய்தும் வலி தீராதவர்களுக்கு மட்டுமே, கெட்டுப்போன நாண் பகுதியை அகற்றும் அறுவை. கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கு இதே கோளாறுக்காக 2005 மே மாதம் லண்டனில் முழங்கை அறுவை நடந்தது. அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக அவர் மீண்டும் ஆடியபோது 93 ரன் எடுத்தார். அறுவைக்குப் பிறகும் முழங்கையை மெல்ல நீட்டி மடக்குவதில் தொடங்கி, அதே மணிக்கட்டுப் பயிற்சிகளைப் படிப்படியாகச் செய்து முடித்தே கனத்த வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மூன்று நாலு மாதங்கள் பிடிக்கும்.