மூட்டையை தொடாமல் கூலி கேட்டால் ஜெயில்!

கண்டாச்சிபுரம் பக்கம் மணிலா, நெல் மூட்டை ஏற்ற கூலி பேரம் நடப்பது சகஜம். கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம், கோஷம் போடலாம். தப்பே இல்லை. ஆனால் 'காசு கொடு, இல்லாட்டி லாரி கண்ணாடி உடையும்' என்று மிரட்டி பணம் வாங்கினால் கதையே வேறு.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை ஜெயில். பழைய இந்திய தண்டனை சட்டத்தில் 3 ஆண்டுதான். சங்க கார்டு இருந்தாலும் தப்ப முடியாது.

பக்கத்து கேரளாவில் இதற்கு 'நோக்குகூலி' என்றே பெயர். அதாவது, சும்மா நின்று பார்த்ததற்கு கூலி! 2018 மே 1-ந் தேதி முதல் அரசு தடை போட்டது. அப்படியும் அடங்கவில்லை. 2021 செப்டம்பரில் தும்பா ராக்கெட் மையத்துக்கு கருவி ஏற்றி வந்த லாரியையே மறித்து கேட்டார்கள். அதே ஆண்டு, இப்படி வரும் புகார்களை பணம் பறிப்பு வழக்காக பதிய போலீசுக்கு ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

உழைத்த கூலி பாக்கியை கேட்பது மிரட்டல் ஆகாது. அதற்கு தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்.